தொப்பி வைத்த நீச்சலுடை

தெப்ராவ்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் உடம்பு, அண்ணன் உடம்பு, ஷர்மினியின் இருமல் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று மறக்காமல் எழுதுங்கள்.

கடிதத்தைப் பிரித்ததும் எதைக் கவனித்தீர்கள்? பேனா, அண்ணி. போன வருஷம் முழுக்க மல்லாந்து படுத்துக்கொண்டு பென்சிலில்தான் உங்களுக்கு எழுதினேன். அண்ணாந்து எழுதினால் பேனாவில் மை இறங்காது என்பது முதுகு போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்று சாப்பாட்டு மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் அண்ணன் வாங்கி ஸ்பீக்கரில் போடுவார், சாயங்காலத்துக்குள் காஹாங் முழுக்க என் முதுகைப் பற்றிப் பேசும். நமக்குத் தபாலே போதும்.

ஆஸ்பத்திரியில் முதுகுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பிரேமளா என்ற அம்மா, தரையில் செய்ய முடியாததைத் தண்ணீரில் செய்யலாம் என்று நீச்சல்குளத்துக்கு அனுப்பினார். செவ்வாய்க்கிழமை காலையில் பெண்களுக்கு மட்டும். முதல் நாள் டீ சட்டையும் கால்சட்டையுமாகப் போனேன். பருத்தித் துணியோடு இறங்கக்கூடாது என்று காவலுக்கு இருந்த பையன் திருப்பி அனுப்பிவிட்டான். கடையில் போய்ப் பார்த்தால் எல்லாம் தொடை தெரிகிற உடுப்பு. ஐம்பத்து மூன்று வயதில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. மலாய்க்காரப் பெண்கள் போடுகிற முழு உடை ஒன்றைக் கடைக்காரப் பெண் எடுத்துக் கொடுத்தாள். கை, கால் எல்லாம் மூடும். தலைக்குத் தொப்பியும் அதிலேயே தைத்திருக்கிறது. கத்தரிப்பூ நிறம்.

நெஞ்சளவு தண்ணீர். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. முன்னால் நடக்கிறோம், பின்னால் நடக்கிறோம், முழங்காலைத் தூக்குகிறோம், கடைசியில் ரப்பர் குழாய் ஒன்றைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு மிதக்கிறோம். அந்த முக்கால் மணி நேரத்தில் நடுவே, மத்தியானத்துக்குக் கருவாடு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன் அண்ணி. முதுகைத் தவிர வேறு ஒன்றை நான் யோசித்து எத்தனை காலம் ஆயிற்று என்று உங்களுக்குத் தெரியும்.

போன நவம்பரை நான் திரும்ப எழுதப் போவதில்லை. அன்றைக்கு நீங்கள் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்து அந்த மாத்திரைகளை என் கையிலிருந்து வாங்கியிருக்காவிட்டால் இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அண்ணனுக்குச் சொல்லாமல் இருக்கிறீர்களே, அதற்கும் நன்றி.

உங்கள்
வாசுகி

காஹாங்
21 பிப்ரவரி 2024

அன்பு வாசுகிக்கு,

ஆத்தா புண்ணியத்தில் நாங்கள் நலம். நீ உட்கார்ந்து எழுதினாய் என்று படித்து மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். குணாளன் மாப்பிள்ளை இன்னும் விடியுமுன்னே சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடுகிறாரா? அவர் உடம்பையும் பார்த்துக்கொள்.

தண்ணீரில் இறங்கினால் முதுகு எப்படிச் சரியாகும் என்று எனக்குப் புரியவில்லை. குளிர்ந்த தண்ணீரா? நரம்பு இழுத்துக்கொள்ளாதா? எப்படி இறங்குகிறீர்கள், குதிக்க வேண்டுமா, படி இருக்கிறதா? கனத்த உடம்புக்காரர்களையும் சேர்க்கிறார்களா? நம் வயதில் இதெல்லாம் தேவையா என்று எனக்குத் தோன்றியது, எழுதிவிட்டேன்.

நல்ல செய்தி. ஷர்மினிக்கு இடம் அமைந்துவிட்டது. பையன் மெர்சிங், படகுத்துறை அலுவலகத்தில் வேலை. ஆவணியில் கல்யாணம். அத்தை என்று நீ ஒருத்திதான் இருக்கிறாய். முதல் நலங்கு உன் கையால்தான்.

வீட்டுக்குச் சாயம் அடிக்கிறோம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கின காலத்தில்கூட இத்தனை தடவை குனிந்து நிமிர்ந்ததில்லை.

கிருஷ்ணம்மா

தெப்ராவ்
5 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலம், அங்கும் அப்படியே இருக்கட்டும். ஷர்மினி செய்தியைப் படித்துவிட்டு உங்கள் குணாளன் மாப்பிள்ளையை எழுப்பிச் சொன்னேன். பாதித் தூக்கத்தில் அவர் மொய் எவ்வளவு என்று கேட்டார்.

உங்கள் கேள்விகளைப் படித்தால் நீச்சல்குளத்தை மூட வந்த அதிகாரி மாதிரி இருக்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக வெயிலில் காய்ந்திருக்கும். படி இருக்கிறது, கைப்பிடியும் இருக்கிறது. கனத்த உடம்புக்குத் தண்ணீரில் கனமே கிடையாது. என்னோடு வரும் மலாய்க்கார அம்மா, மக்சிக் ரொக்கியா, என்னைப் போல் ஒன்றரை ஆள். முதல் நாள் என் கையைப் பிடித்துப் படியிறக்கியவர் அவர்தான். இப்போதும் பார்த்தவுடன் "சாக்கிட் லாகி?" என்று கேட்பார். இன்னும் வலிக்கிறதா என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியாததா. அதைக் கேட்க ஓர் ஆள் இருப்பதே பாதி மருந்து.

நம் வயதில் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் வயதில்தான் தேவை.

நலங்குக்கு மஞ்சள் நானே அரைத்துக் கொண்டுவருகிறேன்.

வாசுகி

காஹாங்
28 ஏப்ரல் 2024

வாசுகிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். பதில் எழுத நாளாகிவிட்டது.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். குளத்தில் எடுத்த படத்தை யாரோ பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். நீ தலையை மூடிக்கொண்டு, கை இரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு, மலாய்க்காரப் பெண்கள் நடுவில் நிற்கிறாய். கோயில் கமிட்டித் தனலெட்சுமி அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து காட்டினாள். வாசுகி மதம் மாறிவிட்டாளா என்று கமிட்டிக் கூட்டத்தில் ஒருத்தர் கேட்க, உன் அண்ணன் செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார். நீ மனநோய் மருத்துவரைப் பார்த்த விஷயமும் வெளியே தெரிந்துவிட்டது. ஷர்மினியின் மாப்பிள்ளை வீட்டாரும் விசாரித்தார்களாம்.

உன் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த உடுப்பயும் அந்தக் குளத்தயும் விட்டுட்டு, கோயில்ல வந்து எல்லார் முன்னாடியும் ஒரு விளக்கு ஏத்தச் சொல்லு. அப்புறம் நலங்கு வைக்கலாம். இல்லன்னா கல்யாணத்துக்கு வர வேணாம்."

யோசித்துப் பார்.

கிருஷ்ணம்மா

தெப்ராவ்
3 மே 2024

அண்ணிக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் நீங்கள் நலமாக இருங்கள்.

இரண்டு வருஷம் நான் படுத்துக்கிடந்தேன். தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷம் நின்றே வேலை பார்த்து முதுகெலும்பு நழுவி, கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்த இரண்டு வருஷத்தில் கோயில் கமிட்டியிலிருந்து ஒருத்தராவது வந்து எட்டிப் பார்த்தார்களா? வேலை செய்யப் பிடிக்காமல் எம்.சி. விடுப்பு எடுக்கிறாள் என்று தனலெட்சுமி சொன்னாள். அண்ணன் எனக்குக் கறுப்புக் கயிறு ஒன்று அனுப்பிவைத்தார், அதோடு அவர் கடமை தீர்ந்தது. முதுகுக்கு டாக்டரைப் பார்த்தால் சோம்பேறி. மனசுக்கு டாக்டரைப் பார்த்தால் பைத்தியம். வலி தாங்காமல் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பவளுக்கு மனசு மட்டும் தனியாக நன்றாக இருக்குமா? பிரேமளா அம்மாதான் என்னிடம் அதைக் கேட்டார். "தூக்கம் வருதா, சாப்பிடத் தோணுதா, உயிரோட இருக்கப் பிடிக்குதா" என்று கேட்டார். என் கூடப் பிறந்தவர் கேட்கவில்லை.

இப்போது நான் எழுந்து நடக்கிறேன். இப்போதுதான் எல்லாருக்கும் நான் கண்ணில் படுகிறேன். என் முதுகு யாருக்கும் தெரியவில்லை, அதன் மேல் போட்ட துணி ஜொகூர் முழுக்கத் தெரிகிறது.

மதம் மாறுவது என்றால் சொல்லிவிட்டு மாறுவேன், ஒளிந்து குளத்துக்குள் மாற மாட்டேன். மக்சிக் ரொக்கியா ஒரு நாளும் என் சாமியைப் பற்றிக் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை நான் கொண்டுபோகும் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு உப்புக் கம்மி என்பார். பூஜையறையில் தினமும் விளக்கேற்றுகிறேன். அதை என் சாமி பார்த்தால் போதும். செய்யாத குற்றத்துக்குக் கோயிலில் நின்று ஏற்ற என்னிடம் விளக்கு இல்லை.

அண்ணன் அப்படித்தான், எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் நீங்கள் கூடவா? நவம்பரில் என் கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்கியவர் நீங்கள். அந்த உடுப்பையும் குளத்தையும் விட்டால் நான் எங்கே திரும்பிப் போவேன் என்று உங்களுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே அவர் சொன்னதை அப்படியே எழுதி, கீழே யோசித்துப் பார் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

வாசுகி

காஹாங்
9 ஜூன் 2024

வாசுகிக்கு,

நலம். நீ நலமா?

உன் கோபம் நியாயம்தான். கல்யாணம் வரைக்கும் பொறுத்துக்கொள். கல்யாணம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்றுதான் நானும் இருக்கிறேன்.

எழுத்து கோணலாக இருந்தால் தப்பாக நினைக்காதே.

கிருஷ்ணம்மா

தெப்ராவ்
15 ஜூன் 2024

அண்ணிக்கு,

ஒரு மாதம் கழித்து நாலு வரி. அதுவும் பென்சிலில். கடைக்குச் சாமான் எழுதும் பென்சிலை எடுத்து எனக்கு எழுதியிருக்கிறீர்கள். என் கோபத்துக்குப் பேனா எடுக்கக்கூட உங்களுக்கு மனசு வரவில்லை.

உங்களுக்கு என்ன பொறுமை வேண்டிக்கிடக்கிறது? நீங்கள் கல்யாண வீட்டில் தட்டும் தாம்பாளமுமாக நடமாடுகிறீர்கள். அதை நான் இங்கிருந்து நினைத்துப் பார்க்கத்தான் முடியும். ஷர்மினி பிறந்ததும் உங்களுக்கு முன்னால் அவளைக் கையில் வாங்கியவள் நான். அவள் நலங்கில் நான் இல்லை என்றால் அது என் குற்றம் இல்லை, அதைச் சபையில் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை குளத்துக்குப் போவேன். அதே உடையில், தொப்பியோடு.

வாசுகி

காஹாங்
30 ஜூன் 2024

வாசுகி,

நலம்.

ஷர்மினி உன்னைக் கேட்டு அழுகிறாள். அவள் அப்பாவிடம் பேசுவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். படியில் கைப்பிடி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது ஒரு பக்கம்தானா, இரண்டு பக்கமும் இருக்கிறதா? ஒரு காலைத் தூக்கி வைக்க முடியாதவர்கள்கூட இறங்கலாமா?

சும்மாதான் கேட்கிறேன்.

கி.

தெப்ராவ்
4 ஜூலை 2024

அண்ணி,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. பென்சிலைப் பார்த்து மறுபடியும் கோபம் வந்தது. கசக்கிப் போடத்தான் எடுத்தேன். அப்போது முதுகு சுரீர் என்றது, கொஞ்சம் படுப்போம் என்று மல்லாந்து படுத்துக்கொண்டு கடிதத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தேன்.

அண்ணாந்து எழுதினால் பேனாவில் மை இறங்காது. அதை உங்களுக்கு எழுதியவளே நான். எனக்கா தெரியாமல் போயிற்று?

எத்தனை நாளாக அண்ணி? தண்ணீர் குளிருமா என்று கேட்டீர்களே, அப்போதேவா? குதிக்க வேண்டுமா, படி இருக்கிறதா என்று கேட்டீர்களே. நான் உங்களை அதிகாரி என்று கிண்டல் செய்தேன்.

யாரிடம் சொன்னீர்கள்? யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். எனக்கு உங்கள் மேல் இப்போது இன்னும் கோபமாக இருக்கிறது. இந்தக் கடிதம் முதலில் வருமோ நான் முதலில் வருவேனோ தெரியாது. வர வேண்டாம் என்று சொன்னவர் வாசலில் நின்று மறித்தால் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு பக்கமும் இருக்கிறது. கைப்பிடி இரண்டு பக்கமும் இருக்கிறது.

வாசுகி

தெப்ராவ்
19 ஜூலை 2024

அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். அண்ணியின் சுகத்தை நீங்கள் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், கல்யாணத்துக்கு வாங்கி அடுக்கிய அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்து அண்ணி படுத்திருந்ததை நான் மறக்கப் போவதில்லை. ஷர்மினி இரண்டு தடவை டாக்டரிடம் கூப்பிட்டிருக்கிறாள், கல்யாண அலைச்சல்தான் என்று அண்ணி அவள் வாயை அடைத்திருக்கிறார். "அவளுக்குக் கல்யாண வேல அசதி" என்றுதான் நீங்களும் சொன்னீர்கள். அப்போது நான் உங்களிடம் சொன்னதைக் கோபத்தில் உளறினேன் என்று நினைத்துவிடாதீர்கள், ஆகவே இதில் மறுபடியும் எழுதுகிறேன். "வேற ஊர்ல இருக்கிற என் துணி உங்களுக்குத் தெரிஞ்சது. பக்கத்துல படுத்திருக்கிறவங்க முதுகு தெரியலயா?"

குளுவாங் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நரம்பு நசுங்கியிருக்கிறது. எத்தனை மாதமாக என்று டாக்டர் கேட்டதற்கு அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொங்கலிலிருந்து என்றார். ஏன் சொல்லவில்லை என்று காரில் வரும்போது கேட்டேன். "முதுகு வலிக்குதுன்னு சொன்னா, உனக்கும் வாசுகி மாதிரியான்னு கேப்பாரு. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா பொண்ணுக்கும் அந்த வியாதி வரும்பாங்க" என்றார். அண்ணன், பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்காக ஒருத்தி வலியை வாயில் போட்டு மென்றுகொண்டு, உங்கள் நிபந்தனையை எனக்கு எழுதிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் படுத்துக்கொண்டுதான்.

என் வீட்டுக்குக் கூட்டிவந்து, இரண்டு செவ்வாயாக அண்ணியைக் குளத்தில் இறக்குகிறோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மக்சிக் ரொக்கியா. முதல் நாள் தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பயமா என்று கேட்டேன். "பேசாத வாசுகி, வலிக்கல" என்றார்.

நீங்கள் எனக்கு நிபந்தனை சொன்னீர்கள். இப்போது என்னுடையது. அண்ணி மணமேடையில் நாற்காலியில்தான் உட்காருவார், யார் என்ன சொன்னாலும். வாரம் ஒரு தடவை குளுவாங் குளத்துக்கு நீங்களே காரில் கூட்டிப்போக வேண்டும். முதல் நலங்கு நான் வைப்பேன். விளக்கு நான் ஏற்றப் போவதில்லை.

இதற்குச் சம்மதம் இல்லையென்றால் அண்ணி இங்கேயே இருக்கட்டும், கல்யாணத்தை நீங்களும் கமிட்டியும் சேர்ந்து நடத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
வாசுகி

காஹாங்
26 செப்டம்பர் 2024

அன்பு வாசுகிக்கு,

நானும் உன் அண்ணனும் சுகம். ஷர்மினி மெர்சிங்கில் மீனும் சோறுமாக நன்றாக இருக்கிறாள். உனக்கு நலங்கு வைத்த மஞ்சள் கறை நகத்திலிருந்து போய்விட்டதா?

பேனாவில் எழுதுகிறேன், பார்த்தாயா. வெகுநேரம் உட்கார முடிவதில்லை, ஆகவே சுருக்கமாக.

உன் கடிதத்துக்கு உன் அண்ணன் பதில் போடவில்லை, இனியும் போடமாட்டார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார் என்று ஷர்மினி சொன்னாள். பிறகு ஒரு நாள் என்னைக் கூட்டிப்போக உன் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றாரே, அவ்வளவுதான் அவரால் முடிந்தது. எனக்கு அதில் இன்னும் கோபம் தீரவில்லை. முப்பது வருஷம் அவருக்கு முதுகு தேய்த்துவிட்டிருக்கிறேன், என் முதுகு என்ன நிறம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. இதை அவரிடமே சொல்லிவிட்டேன். உன்னோடு இருந்து எனக்கும் வாய் வந்துவிட்டது என்றார்.

வியாழக்கிழமை குளுவாங் போகிறோம். நான் தண்ணீரில் இருக்கிற நேரம் அவர் காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நீ வாங்கிக் கொடுத்த பச்சை உடைதான் போடுகிறேன், தொப்பியோடு. தொப்பியை வெட்டித் தரட்டுமா என்று தையல்காரப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். வெயிலுக்கு நல்லது, தவிர நீ அதற்காகப் பட்டதெல்லாம் எனக்குத் தெரியும்.

போன வாரம் தனலெட்சுமி வந்தாள். தனக்கும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றாள். படி இருக்கிறது, இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

குளித்த உடையை இத்தனை நாள் பின்பக்கம், யார் கண்ணிலும் படாமல் காயப்போட்டேன். இன்று அதை முன்வாசல் கொடியில் போடச் சொன்னேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகிற ஜனமெல்லாம் நம் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், உனக்குத் தெரியும். குனிந்து வாளியிலிருந்து துணி எடுக்க எனக்கு இன்னும் முடியாது. ஆகவே அதைப் பிழிந்து, உதறி, கை இரண்டையும் விரித்து, தொப்பி மேலே தெரிகிற மாதிரி கொடியில் கிளிப் போட்டது உன் அண்ணன்தான். செய்து முடித்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

பிறகு உள்ளே வந்து என்னிடம் கேட்டார், "இன்னும் வலிக்குதா?"

உன் அண்ணி
கிருஷ்ணம்மா